ஃபதூட்ஸ் போகிறவர்களுக்கு

நம் வட்டத்து நண்பர்கள் இருவர் அடுத்த ஜூனில் லிக்டென்ஷ்டைன் போகப்போகிறார்கள். ஒருவர் கவிஞர். மற்றவர் அவருடைய கவிதைகளைப் பல வருஷங்களாக மறுத்து எழுதிக்கொண்டிருக்கும் விமர்சகர். இருவரும் ஒரே அறையில் தங்குவதாக உத்தேசம். நான் போய்வந்தவன் என்பதால் என்ன செய்யவேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று எழுதித்தரச் சொன்னார்கள். கடிதமாக ஆரம்பித்தது நீண்டுவிட்டது. பயணக் கட்டுரை என்ற வகையின் மேல் எனக்கு மரியாதை குறைவு. நம் வாரப் பத்திரிகைகளில் அது விமானத்தில் கொடுத்த பழரசத்தில் தொடங்கி, என்ன இருந்தாலும் நம் ஊர் போல வருமா என்பதில் முடியும். ஏ. கே. செட்டியார் ஒருவருக்குத்தான் தன்னை ஒதுக்கி வைத்துவிட்டு ஊரைப் பார்க்கத் தெரிந்திருந்தது. அவரளவு ஒதுங்க எனக்கு முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊருக்கு நான் போனதற்குக் காரணம் மலை அல்ல.

முதலில் காகித வேலை. அந்த நாட்டுக்கென்று இங்கே தூதரகம் கிடையாது. ஸ்விட்சர்லாந்துதான் அதற்கும் சேர்த்து விசா தருகிறது. 2011 டிசம்பரிலிருந்து லிக்டென்ஷ்டைன் ஷெங்கன் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆகையால் ஒரே விசா போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள். முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். வங்கிக் கணக்கின் நகல் கேட்பார்கள். கவிஞர் தம் கணக்கில் என்ன இருக்கிறது என்பதை இப்போதே போய்ப் பார்த்துக்கொள்வது நல்லது. தொழில் என்ற இடத்தில் எழுத்தாளர் என்று போடவேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் என்றே போடுங்கள். பொய்யில்லை, கேள்வியும் குறையும்.

விமான நிலையம் அந்த நாட்டில் இல்லை. மொத்தமே 160 சதுர கிலோமீட்டர், பதினோரு ஊர்கள், சுமார் நாற்பதாயிரம் ஜனங்கள். விமானம் இறங்க ஆரம்பித்தால் நாடு தாண்டிவிடும். சூரிச்சில் இறங்கி, ஸார்கன்ஸுக்கு ரயில் பிடிக்கவேண்டும். ஒரு மணி நேரம். பெட்டியில் இடதுபக்கம் உட்காருங்கள். முதலில் சூரிச் ஏரி, பிறகு வாலன்ஸே என்ற இன்னொரு ஏரி, அதன் அக்கரையில் சீவி நிறுத்தியதுபோல் மலைகள். வலதுபக்கம் உட்கார்ந்தால் பாறையையும் சுரங்கத்தின் சுவரையும் பார்த்துக்கொண்டு போகலாம். நான் அப்படித்தான் போனேன். ஸார்கன்ஸ் நிலையத்தின் வாசலிலேயே பஸ் நிற்கும். எண் 11. ரைன் ஆற்றைத் தாண்டுகிறீர்கள், நாடு மாறிவிடுகிறது. பெட்டியைத் திறக்கச் சொல்ல ஒரு ஆள் இல்லை. ஸ்விட்சர்லாந்துடன் இவர்களுக்கு 1924 முதல் சுங்க ஒற்றுமை. பணமும் ஸ்விஸ் பிராங்க்தான். பால்ஸர்ஸ் என்ற முதல் ஊரில் குன்றின் மேல் ஒரு கோட்டை தெரியும், பெயர் குட்டென்பெர்க். அச்சுத் தொழில்காரர்கள் பரவசப்படவேண்டாம். அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தலைநகரின் பெயரை நாம் வதூஸ் என்று எழுதுகிறோம். அப்படிக் கேட்டால் விழிப்பார்கள். ஃபதூட்ஸ் என்று கேட்கவேண்டும்.

ஃபதூட்ஸ் ஏமாற்றம் தரும். இதைச் சொல்லாத வழிகாட்டிப் புத்தகங்களை நம்பாதீர்கள். ஒரு தெரு, இரண்டு பக்கமும் வங்கிகள், கைக்கடிகாரக் கடைகள். மேலே பாறையில் அரசரின் கோட்டை. அதற்குள் போக அனுமதி இல்லை, அவர் குடும்பம் அங்கே குடியிருக்கிறது. ஆகஸ்ட் 15 அவர்களுடைய தேசிய நாள். அன்றைக்கு மட்டும் ஜனங்களைக் கோட்டைப் பக்கம் அழைத்து உபசரிக்கிறார்கள். சுற்றுலாக் கூட்டம் பெரிய பஸ்களில் வந்து இறங்கி, சில பிராங்க் கொடுத்துப் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்திக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் ஏறிப் போய்விடுகிறது. அந்த முத்திரைக்குச் சட்ட மதிப்பு எதுவுமில்லை. குத்திக்கொண்டவர்கள் முகத்தில் மட்டும் எங்கோ போய்வந்த நிச்சயம் தெரிந்தது. எனக்கும் ஆசை வந்தது. வரிசை நீளமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

பொருள்களின் விலை பற்றி. ஒரு பிராங்க் நூறு ரூபாய்க்கு மேல். ஒரு காபி ஐந்து பிராங்க் அளவில் இருக்கும். இந்தக் கணக்கை முதல் நாள் மட்டும் போடுங்கள். இரண்டாம் நாளும் போட்டால் பட்டினி கிடப்பீர்கள். பெரிய கடையில் ரொட்டி, தயிர், பழம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சனிக்கிழமையே வாங்கவேண்டும். தண்ணீர் காசு கொடுத்து வாங்காதீர்கள். ஊருக்கு ஊர் கல்தொட்டியில் ஊற்றுநீர் விழுந்துகொண்டிருக்கும், குடிக்கலாம். குடிக்கக்கூடாத இடத்தில் பலகை வைத்திருப்பார்கள். மாமிசம் சாப்பிடாதவருக்கு இரண்டு பண்டங்கள் உண்டு. கேஸ்க்னெப்ஃப்லே என்பது பாலாடைக் கட்டியில் புரட்டிய மாவுத் துண்டுகள், பக்கத்தில் ஆப்பிள் கூழ். ரீபெல் என்பது மக்காச்சோள ரவையை வேகவைத்துக் கிளறி வறுத்தது. விமர்சகர் அதை உப்புமா என்று சொல்லாமல் சாப்பிடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். சொல்லட்டும், அது அப்படித்தான் இருக்கிறது.

நம் ஊர் உருண்டை மூன்று முனைப் பிளக் அங்கே சுவரில் போகாது. மெலிந்த இரண்டு முனை உள்ளது போகும். டெலிபோனில் ஒரு சூழ்ச்சி உண்டு. லிக்டென்ஷ்டைன் ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பைச் சேர்ந்தது, ஸ்விட்சர்லாந்து சேர்ந்ததல்ல. ஆற்றங்கரையில் நடக்கும்போது போன் தானாக அக்கரைக் கோபுரத்துக்குத் தாவிவிடும். நீங்கள் வாங்கிய சிம் இரண்டு நாட்டுக்கும் செல்லுமா என்று கேட்டு வாங்குங்கள். நான் ஒரு மரப்பாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தபோது இரண்டு நாடுகளும் மாறி மாறி என்னை வரவேற்றன. அதில் ஒன்று அதற்குக் காசு பிடித்துக்கொண்டது.

ஃபதூட்ஸில் மதியத்துக்கு மேல் தங்காதீர்கள். 21ஆம் எண் பஸ் ஏறி ட்ரீஸன்பெர்க் போங்கள். பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் மேற்கே வாலிஸ் பகுதியிலிருந்து வந்து குடியேறிய வால்ஸர்கள் என்ற மலைஜனங்களின் ஊர் அது. கீழே பள்ளத்தாக்கில் பேசும் ஜெர்மன் வழக்கு வேறு, இவர்களுடையது வேறு. செங்குத்தான சரிவில் வீடுகள், ஒவ்வொரு வீட்டின் கூரையும் மேல்வீட்டுக்காரனின் காலடியில். அதே பஸ் ஒரு சுரங்கம் நுழைந்து 1600 மீட்டரில் உள்ள மால்பூன் வரை போகும். ஜூனிலும் அங்கே குளிரும், கம்பளிச் சட்டை, மழைச்சட்டை இரண்டும் வேண்டும். சில நாள் தெற்கேயிருந்து ஃபோன் என்ற உஷ்ணக் காற்று மலையைத் தாண்டி இறங்கும். அன்றைக்கு ஊரே தலைவலி என்று சொல்லும். அந்த நாளில் நண்பர்கள் இருவரும் கவிதை பற்றிப் பேசாமலிருப்பது நலம்.

ராபர்ட் வால்ஸர் என்ற எழுத்தாளரின் பெயர் இந்த மலைஜனங்களின் பெயரேதான். கவிஞர் கேட்டிருந்தார். அவர் இருந்த ஊர் இங்கே இல்லை, ரைனுக்கு அக்கரையில் ஹெரிஸாவ். ஸாங்க்ட் காலன் போய் ரயில் மாறவேண்டும். 1933 முதல் அங்கே மனநோய் விடுதியில் இருந்தார், எழுதுவதை நிறுத்திவிட்டார். 1956 கிறிஸ்துமஸ் அன்று மதியம் தனியாக நடக்கப் போய்ப் பனியில் விழுந்து இறந்தார். பார்க்க அங்கே அதிகமில்லை. போகிறவர் நடந்தால் போதும்.

இன்னொரு எழுத்தாளரைத் தேடிப் போகவேண்டியதில்லை, வழியிலேயே இருக்கிறார். கிழக்கே ஆஸ்திரிய எல்லையில் ஃபெல்ட்கிர்ச் நிலையம். அங்கிருந்து ஸ்விஸ் பக்கம் பூக்ஸுக்கு வரும் ரயில் லிக்டென்ஷ்டைனின் குறுக்கே ஓடுகிறது. 1915 ஜூன் கடைசியில் ஜேம்ஸ் ஜாய்ஸ், யுத்த காலத்தில், மனைவி குழந்தைகளுடன் ட்ரியெஸ்டை விட்டு சூரிச்சுக்குப் போன பாதை அது. பிரிட்டிஷ் பிரஜை. ஆஸ்திரியர்கள் பிடித்து வைத்திருந்தால் ‘யுலிஸிஸ்’ என்ன ஆகியிருக்கும் என்று சொல்லமுடியாது. அந்த நாவலின் தலைவிதி இந்த நிலையத்தில்தான் தீர்மானமாயிற்று என்று பிற்பாடு அவரே சொன்னதை நிலையக் கூடத்துச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1919 மார்ச்சில் ஆஸ்திரியாவின் கடைசிச் சக்ரவர்த்தி இதே நிலையம் வழியாகத்தான் நாட்டை விட்டுப் போனார். எதிர்த் திசையில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஸ்டீஃபன் ஸ்வைக் அதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். நான் அந்த ரயிலில் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் மக்காச்சோளம், தொழிற்சாலைகள். கால் மணி நேரத்தில் ஒரு நாடு முடிந்துவிட்டது. ஜாய்ஸ் வெளியே பார்த்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். பயந்தவன் ஜன்னலைப் பார்ப்பதில்லை, கதவைப் பார்க்கிறான்.

வடக்கே ஷெல்லன்பெர்க் என்று ஒரு மேடு. அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. சுற்றுலாக்காரர்கள் போவதில்லை, நீங்கள் போங்கள். 1945 மே 2ஆம் தேதி இரவு, ஜெர்மன் தரப்பில் போரிட்ட ரஷ்யப் படை ஒன்று, ஸ்மிஸ்லோவ்ஸ்கி என்பவரின் தலைமையில், பெண்கள் குழந்தைகளோடு சுமார் 500 பேர், அந்த இடத்தில் எல்லை தாண்டி வந்து அடைக்கலம் கேட்டார்கள். நாட்டில் அன்று பன்னிரண்டாயிரம் பேர்தான். ராணுவத்தை 1868லேயே கலைத்துவிட்டார்கள். சோவியத் குழு ஃபதூட்ஸுக்கே வந்து அவர்களை ஒப்படைக்கச் சொன்னது. பெரிய தேசங்களெல்லாம் ஒப்படைத்துக்கொண்டிருந்த காலம். இவர்கள் யாரையும் பலவந்தமாக அனுப்பவில்லை. விரும்பிய ஒரு பகுதியினர் திரும்பிப் போனார்கள், நூறு பேர் அளவில் பிறகு அர்ஜென்டினாவுக்குப் போனார்கள். அடைக்கலம் வந்தவர்கள் புனிதர்கள் அல்ல, ஹிட்லரின் பக்கம் துப்பாக்கி பிடித்தவர்கள். அதனால்தான் இதை யோசிக்கவேண்டியிருக்கிறது. நல்லவனுக்குக் கதவைத் திறப்பதில் பெரிய கேள்வி ஒன்றுமில்லை. இதே நாட்டில் ஆண்கள் கூடி 1971இலும் 1973இலும் பெண்களுக்கு வாக்கு இல்லை என்று தீர்மானித்தார்கள். 1984இல்தான் கொடுத்தார்கள், அதுவும் சொற்ப வித்தியாசத்தில். இரண்டையும் ஒரே ஜனங்கள்தான் செய்தார்கள். கல்லின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தும் எனக்கு ஒரு முடிவு கிடைக்கவில்லை. திரும்பும் பஸ் வந்துவிட்டது.

இனி நான் போன காரணம். தபால்தலைக்காகப் போனேன்.

அண்ணன் ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக இருந்தார், திருநெல்வேலி ஜங்ஷனில். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஓடும் ரயிலில் இரவெல்லாம் நின்றுகொண்டு கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற வேலை. உலகத்தின் ஊர்ப் பெயர்கள் அவருக்குத் தெரியும். மதுரைக்கு வடக்கே அவர் போனது இரண்டு தடவை. பாளையங்கோட்டையில் ஒரு பாதிரியார் தமக்கு வரும் வெளிநாட்டு உறைகளை எடுத்துவைத்துக் கொடுப்பார். அண்ணன் தண்ணீரில் ஊறப்போட்டு, தலையை உரித்து, வேஷ்டியில் ஒற்றிக் காயவைத்து ஆல்பத்தில் ஒட்டுவார். லீச்டென்ஸ்டீன் என்று ஒரு பக்கம். ஒன்பது தலைகள். வயல்வேலைப் படங்கள், கையால் செதுக்கியதுபோல் நயமான கோடு. பக்கத்தின் அடியில் பென்சிலால் எழுதியிருந்தார்: கடலைத் தொட இரண்டு நாடு தாண்டவேண்டும். எங்கே படித்தாரோ. சுற்றியுள்ள இரண்டு நாடுகளுக்கும் கடல் இல்லை என்பது உண்மைதான்.

1975இல் நாங்கள் நாலு பேர் ஒரு பத்திரிகை நடத்தினோம். இரண்டாவது இதழுக்குக் காகிதக் கடையில் பாக்கி நின்றது. தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தவன், அந்தப் பக்கத்தை மட்டும் வெறுமையாக்கிவிட்டு வந்தேன். மூர் மார்க்கெட்டில் நாற்பத்தைந்து ரூபாய். இலக்கியத்துக்காக எதையும் செய்யலாம் என்று அப்போது ஒரு கொள்கை வைத்திருந்தோம். அந்த இதழில் வந்தவற்றில் இன்று நிற்கக்கூடியது ஒரு மொழிபெயர்ப்பு மட்டுந்தான். என்னுடையது எதுவுமில்லை.

இதழ் வந்து ஒரு மாதத்தில் அண்ணனிடமிருந்து மணியார்டர் வந்தது, வருஷச் சந்தா. புதுக்கவிதையைக் கண்ணெடுத்துப் பார்க்காதவர். கூப்பனில் செய்தி எழுதும் இடத்தில் ஒரே வரி: “தாள் நல்ல தாள்.”

அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மகள் ஸ்விட்சர்லாந்தில் வேலைக்குப் போனதால் எனக்கும் ஒரு பயணம் வாய்த்தது. ஃபதூட்ஸில் தபால் மியூசியம் இருக்கிறது. கோட்டையை விட்டாலும் அதை விடாதீர்கள். 1912இல் முதல் தலைகள் வெளியிட்டார்கள். வியன்னாவில் அச்சானவை, அரசர் யோஹானின் படம். அந்த அரசர் எழுபது வருஷம் ஆண்டவர். தொழில் வளராத காலத்தில் உலகத்துச் சேகரிப்பாளர்களுக்குத் தலை விற்றே ஒரு பங்கு வருமானம் பார்த்த தேசம் இது. அரச குடும்பமும் 1967இல் தம்மிடமிருந்த லியனார்டோ ஓவியத்தை வாஷிங்டனுக்கு விற்றிருக்கிறது. கையிலிருக்கும் படத்தை விற்றுப் பிழைத்ததில் எனக்கு அவர்களோடு ஒரு உறவு தோன்றியது. அவர்கள் விற்றது அவர்களுடையது என்பதுதான் வித்தியாசம்.

கண்ணாடிக்குப் பின்னால் அந்த வயல்வேலை வரிசை இருந்தது. அவ்வளவு சிறியவை என்பது மறந்துபோயிருந்தது. தெருவில் ஒரு கடையில் அதே வரிசை விலைக்கும் இருந்தது. என்னால் வாங்கமுடிகிற விலைதான். கடை வாசல் வரை இரண்டு தடவை போனேன். வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன அர்த்தம்? அவர் அறிந்ததாகக் காட்டிக்கொள்ளாததை நான் பாக்கி தீர்க்கிறேன் என்று எடுத்து வைப்பதா? அல்லது எனக்குப் பயமா? இரண்டையும் பிரிக்க எனக்கு முடியவில்லை. வாங்கவில்லை. புதுத் தலைகள் நாலு வாங்கி, ஒரு உறையில் ஒட்டினேன். இங்கே ஒரு குறிப்பு. தபாலாபீசில் அச்சிட்ட சீட்டை ஒட்டிவிடுவார்கள். தலை வேண்டுமென்று, பிரீஃப்மார்க்கன் என்று, சொல்லிக் கேட்கவேண்டும்.

கடிதம் எழுத இடம் தேடி ரைன் கரைக்கு நடந்தேன். 1901இல் கட்டிய, கூரை போட்ட மரப்பாலம் ஒன்று அங்கே இருக்கிறது. 135 மீட்டர். நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டும் போகலாம். உள்ளே மரவாசனை, பலகை இடுக்கில் சாம்பல் நிறத்தில் ஆறு. நடுவில் எல்லைக்குறி. ஒரு கால் இங்கே ஒரு கால் அங்கே வைத்து எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பாலத்துப் பலகையில் உட்கார்ந்து எழுதினேன். எழுத வேண்டியது ஒன்றிருந்தது, எழுதியது வேறு. மழை பெய்ததையும், காபி விலையையும், மகள் சௌக்கியத்தையும் எழுதினேன். ஒட்டிவிட்டு, தன்போக்கில் நடந்து அக்கரையில் ஸேவலன் ஊருக்கே போய்விட்டேன். மஞ்சள் தபால்பெட்டி. உறையை வாயில் நுழைத்தாயிற்று, விரல் விடவில்லை. பெட்டியில் ஸ்விஸ் சிலுவை கண்ணில் பட்டது. லிக்டென்ஷ்டைன் தலை ஸ்விட்சர்லாந்தில் செல்லாது. பணம் ஒன்று, சுங்கம் ஒன்று, எல்லைக்காவல் கூட இல்லை, தபால்தலை மட்டும் வேறு. அண்ணனாக இருந்தால் அந்தப் பெட்டிக்கு எதிரில் நின்றிருக்கவே மாட்டார். உறையை இழுத்துக்கொண்டு பாலத்தைத் திரும்பத் தாண்டி, ஃபதூட்ஸில் சாலையோரப் பெட்டி ஒன்றில் போட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். தபாலாபீசுக்குள் போய்க் கையில் கொடுங்கள், முத்திரை சுத்தமாக விழும்.

கடிதம் எனக்குப் பின்னால்தான் வந்தது. அதற்குள் நான் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தேன். அண்ணனுக்கு எண்பது தாண்டிவிட்டது. கண் பரவாயில்லை, கால்தான் இல்லை. தபால்காரர் வந்தபோது மதினி வாங்கிக் கொண்டுவந்தாள். உறையைப் பிரிக்கவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முத்திரை நாலு தலையில் ஒன்றின் மூலையில் பாதி விழுந்திருந்தது. திருப்பி நம் ஊர் முத்திரையைப் பார்த்தார். தேதிகளைக் கழித்து நாளை எண்ணினார். எனக்கு உள்ளே என்னவோ செய்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

“ஏல, அங்க பெட்டிய எத்தனை மணிக்கு எடுக்கான்?” என்றார்.

தெரியவில்லை என்றேன்.

“பெட்டியில போட்டிருப்பானே. பாக்கலையா? கடைசி எடுப்புக்கு முந்தி விழுந்துச்சா பிந்தி விழுந்துச்சான்னு தெரியாம நாளை என்னன்னு எண்ண?”

அடுத்த தடவை மதினியோடு போனில் பேசியபோதும் பின்னாலிருந்து அதையேதான் கேட்டார். நண்பர்கள் ஃபதூட்ஸ் போனால், பெரிய தெருவிலிருந்து ஆற்றுப் பக்கம் போகும் சாலையில் உள்ள தபால்பெட்டியில் கடைசியாக எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று பார்த்து, ஒரு கார்டு போடவும். என் விலாசத்துக்கு வேண்டாம். அண்ணன் விலாசம் புறப்படும்போது தருகிறேன்.